பாடத்தில் வந்த கை

செப்டம்பர் 12

சாப்பிடும்போது தங்கை என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சூட்டுத் தழும்பை. சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், கையுறை கிடைக்காத ஒரு நாள், இஸ்திரி உருளையில் பட்டது. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது. இன்றுதான் முதல்முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல.” தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 13

தங்கை இன்றும் பாடம் போட்டுக் காட்டவில்லை. சமூக அறிவியல் சார் பாடங்களைப் பேசிப் பதிவுசெய்து, போட்காஸ்டாக வகுப்புக் குழுவுக்கு அனுப்புவார். கூடவே படங்களும். தினமும் சாயங்காலம் அம்மாவின் போனில் தங்கை அதைப் போடுவாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். எட்டாவதோடு நின்றுபோன நான் பனிமலை உடையும் சத்தத்தைக் கேட்டது அப்படித்தான். எரிமலையின் வாயை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததும்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். என் காலத்தில் அவரிடம் இருந்தவை சாக்பீஸும் பெஞ்சும்தான்.

செப்டம்பர் 15

தெரிந்துவிட்டது.

பேனா தேடி அவள் பையைத் திறந்தேன். அச்சடித்த தாள் ஒன்று. அதில் வெள்ளை விரிப்பு, உருளை, இரண்டு கைகள். முகத்தைக் கலைத்து மறைத்திருக்கிறார்கள். தழும்பை மறைக்கவில்லை. கீழே கேள்வி: ‘இந்தச் சிறுமி ஏன் பள்ளியை விட்டாள்? படத்தைப் பார்த்தும் ஒலிப்பதிவைக் கேட்டும் மூன்று காரணங்கள் எழுதுக.’

தங்கையின் கையெழுத்தில்: வறுமை. படிப்பில் ஆர்வமின்மை. மூன்றாவதை எழுதி அழித்திருந்தாள்.

போன மாதம் சார் சலவைக்கூடத்துக்கு வந்திருந்தார். “வகுப்புல காட்டத்தான்மா. முகம் தெரியாது, குரலையும் மாத்திடுவேன்” என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கும் தலையை ஆட்டுகிறவள்தானே நான்.

செப்டம்பர் 16

போடச் சொல்லிக் கேட்டேன்.

முதலில் சோகமாக ஓர் இசை. பிறகு சார்: “ஒரு மொட்டை வறுமை எப்படிக் கருக்கிவிடுகிறது, கேளுங்கள்.” பிறகு நான், மாற்றிய குரலில்.

“கிழவருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்குடி” என்றேன், அவளைச் சிரிக்க வைக்க. அவள் சிரிக்கவில்லை.

“கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக் காட்டுறாங்க. ‘அதுக்கப்புறம் நான் வரல’ன்னு. நானும் பேசிக் காட்டினேன்க்கா. பேசலன்னா நீதான்னு தெரிஞ்சிருமே.”

அதுக்கப்புறம் நான் வரல. நான் சொன்னதுதான். ஆனால் அது கடைசித் துண்டு. நான் முழுதாகச் சொன்னது இது: “நீங்க என்னைப் பெஞ்சு மேல ஏத்தி வாசிக்கச் சொன்னீங்க சார். எனக்குச் சத்தமே வரல. பீரியட் முடியுற வரைக்கும் நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வரல.”

அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். யார் முகத்தையும் பார்த்து நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனதில் பட்டுவிட்டது என்று நினைத்தேன் — எப்படி வெட்ட மனசு வந்தது அவருக்கு? நான் சொன்னதை எடுத்துவிட்டு அங்கே வறுமையை வைத்திருக்கிறார். வறுமை இல்லை என்றா சொல்கிறேன்? அதோடுதானே எட்டாவது வரை போனேன்?

செப்டம்பர் 18

நேற்று மழை. தங்கைக்குக் குடை கொடுக்கப் பள்ளி வாசலுக்குப் போனேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். புத்தி கெட்டவள்.

குடையை நீட்டிய கையை அவள் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு அவளுக்குப் பேர் ‘ரெண்டாவது எபிசோடு’.

சார் அவர்களை அதட்டினாராம். பிறகு அவளிடம் பரிவாகத்தான் சொன்னாராம்: “எழுந்திரும்மா. உங்கக்காவைப் பத்தி நீயே பேசு. பதிவு பண்ணுவோம், எல்லாருக்கும் புரியட்டும்.”

“பேசினியா?”

“சத்தம் வரல.”

“எவ்வளவு நேரம் நின்னே?”



செப்டம்பர் 19

சாப்பாட்டு இடைவேளையில் சாரைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது, ஆசிரியர் அறை வாசலில் மறந்துபோனது. “முதல்ல சொன்னதையும் போடுங்க சார்” என்பது மட்டும் வந்தது.

எதை என்று அவர் கேட்கவில்லை.

“ஏழு நிமிஷத்துக்கு மேல போனா பிள்ளைங்க கேக்க மாட்டாங்கம்மா” என்றார். பிறகு, “உன் படத்தைப் பார்த்துட்டு, நின்னுபோன ரெண்டு பேர் திரும்பி வந்திருக்காங்க, தெரியுமா?”

இருக்கும். அவர் இல்லாததைச் சொல்கிறவர் இல்லை.

“தங்கச்சியையாவது எழுப்பி நிக்க வெச்சு...” என்று ஆரம்பித்தேன். மணி அடித்தது. அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

செப்டம்பர் 23

தங்கைக்கு வயிற்று வலியாம். பள்ளிக்குப் போகாமல் இது மூன்றாவது நாள். எனக்கும் அப்போது வயிற்று வலிதான்.

அக்டோபர் 1

அம்மா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். “ஒருத்தியாவது படிப்பீங்கன்னு நினைச்சேனே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் தங்கையிடம் அந்தப் பெஞ்சுக் கதையை முழுதாகச் சொன்னேன். சொன்னால் தைரியம் வரும், திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். “அப்போ உனக்கும் அப்படித்தானா?” என்றாள். அவ்வளவுதான். போகாமல் இருக்க நானே காரணம் கொடுத்துவிட்டேனோ?

“மூணாவதா என்னடி எழுதி அழிச்சே?”

“ ‘யாரும் அவளிடம் கேட்கவில்லை’ன்னு எழுதினேன். சார்தான் கேட்டிருக்காரேன்னு அழிச்சிட்டேன்.”

அக்டோபர் 9

சலவைக்கூடத்தில் காலையிலேயே விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யாரு இது, உன்னோட ஜெராக்ஸா?” என்றார். பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். தங்கை தலையை ஆட்டினாள்.

உருளைக்கு ஒரு ஜோடி கையுறைதான். என்னுடையதைக் கழற்றி அவள் கைகளில் மாட்டி, மணிக்கட்டுக்கு மேலே ஏறும்வரை இழுத்துவிட்டேன்.