கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே உன் அண்ணன் நலம், வீடு நலம், நானும் நலம்தான், தலையைத் தவிர. தலைக்குள் ஒரே குழப்பம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தொண்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று நம்புகிறேன். ஐஸ் தண்ணீர் குடிக்காதே. குடிப்பாய், தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டு தடவை போன் பண்ணினேன். சாப்பிட்டியா என்று கேட்டேன், சாப்பிட்டேன் அண்ணி என்றாய், அதற்கு மேல் எனக்கும் வார்த்தை வரவில்லை, உனக்கும் வரவில்லை. நாத்தனாரும் அண்ணியும் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நாம் எப்போது அப்படி இருந்தோம்? நீ என் புடவையைக் கேட்காமல் எடுத்துக் கட்டுவாய், நான் உன்னை வாயாரத் திட்டுவேன். இந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு ரெக்கார்டிங் பண்ண எனக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். நீ வேலைக்கு வெளியூர் போனபோது உன் லேப்டாப்போடு அதுவும் போய்விட்டது. இங்கே மிச்சம் இருப்பது உன் அண்ணனின் பழைய கம்ப்யூட்டர், நீ விட்டுப்போன மைக், ஹெட்ஃபோன், நம் பாட்டு இருக்கிற பென்டிரைவ். உன் குரல் தனியாகவும் என் வயலின் தனியாகவும் அதில் இருக்கின்றன.

எனக்கு எதற்கு சாஃப்ட்வேர் என்று கேட்பாய். நீ கிளம்பின அன்று காலையில் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணி, நீங்க எல்லா இடத்துலயும் லேட்டா வர்றீங்க" என்றாய். உன் பாட்டைக் காதில் கேட்டுக்கொண்டேதானே வாசித்தேன், எப்படி லேட்டாகும் என்று சண்டைக்கு வந்தேன். மறுபடி போட்டுக் காட்டினாய். லேட்டாகத்தான் இருந்தது. மாதக் கடைசிக்குள் பாட்டைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும், அங்கேயே வேறு யாரையாவது வயலின் வாசிக்கச் சொல்லப்போகிறாய் என்று உன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரியான முடிவுதான் என்றேன். சொல்லிவிட்டுப் போய், காய்ந்த துணியையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை மடித்துவைத்தேன்.

அன்றிலிருந்து வில்லை எடுத்தாலே கை கூசுகிறது. மெல்லிசைக் குழுவிலும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தாளம் தப்புகிறவள் மேடையில் உட்கார்ந்து மற்றவர்களையும் சேர்த்துக் கவிழ்க்க வேண்டாமே. ஆனாலும் மனசு ஆறவில்லை. நிஜமாகவே எனக்குத் தாளம் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாமல் வாசித்து, பதிவு பண்ணிப் பார்த்துவிடலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் ஒன்றா இரண்டா! குழுவின் மைக்செட் அண்ணனைக் கேட்டேன். ஒன்றின் பெயரைச் சொல்லி, "இது ஒண்ணுதாம்மா சாஃப்ட்வேர், மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றார். கீபோர்டு வாசிக்கிற தம்பியைக் கேட்டேன். அவன் வேறொன்றைச் சொன்னான். மைக்செட் அண்ணன் சொன்னதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் இருவரும் கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்கு அது எதுக்கு வேணும்? அதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உன் அண்ணனோ, "எல்லாம் லிஃப்ட் மாதிரிதான். மேல போகும், கீழ வரும், பட்டன்தான் வேற" என்று சொல்லிவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் உலகமே லிஃப்ட்தான்.

கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட்டுக்கு உட்காருகிறவர்களிடம் நாள் முழுக்க நான் கேட்கிறேனே, இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகிறதா, அந்த லென்ஸிலா என்று. சிலர் திருதிருவென்று விழித்து, "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்பார்கள். உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன். இனி மாட்டேன்.

கடைசியில் மூன்றை இறக்கிப் பார்த்தேன். பெயர் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துவிட்டேன். முதலாமவன் இலவசக்காரன். பார்க்க ஆபீஸ் கணக்குத்தாள் மாதிரி இருப்பான். உன் குரலைப் போட்டு, கூடவே வாசித்தேன். நீ சொன்னது அப்படியே சரி, நன்றாகவே லேட்டு. அழுகை வந்தது. இரண்டாமவன் வாடகைக்காரன், மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறவன், முதலில் கொஞ்ச நாள் சும்மா விடுகிறான். அவனிடம் லேட்டுதான், ஆனால் துளிதான். சரி, பழகப் பழக வருகிறது போல என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாமவன் கறுப்புத்திரைக்காரன். திரை முழுக்க பட்டன். அவனிடம் வாசித்துவிட்டுப் போட்டுக் கேட்டால், வாலு, நான் உனக்கு முன்னாலேயே போய் நிற்கிறேன்!

அதே பாட்டு, அதே வயலின், அதே கை. ஒருவனிடம் சோம்பேறி, ஒருவனிடம் சுமார், ஒருவனிடம் அவசரக்காரி. இதில் நான் யார்? மூன்று பேரிடமும் மாற்றி மாற்றி வாசித்ததில் வலது தோள் வலிதான் மிச்சம். பால் வாங்கப் போகும்போதுகூட நடையில் தாளம் தப்புகிறதா என்று என் காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

இவ்வளவு எழுதி வைத்தவள், தபாலில் போட மனம் வராமல் மேஜையிலேயே வைத்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. நேற்று ஒன்று நடந்தது.

துணி அலமாரி இருக்கிற அறையில், ரெக்கார்டிங்கில் வெளிச்சத்தம் விழாமல் இருக்க நாம் கட்டிய போர்வை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. அதற்குள் உட்கார்ந்து இலவசக்காரனைத் திறந்தேன். பாட்டு வேண்டாம், வெறும் டிக் டிக் தாளத்துக்கு வாசித்துப் பார்க்கலாம் என்று அதை ஓடவிட்டு, ரெக்கார்ட் பட்டனையும் அழுத்தினேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை. ஹெட்ஃபோனைக் கழற்றி மைக் மேலேயே மாட்டிவிட்டு ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனிலிருந்து வந்த டிக் டிக்கை மைக் பிடித்திருக்கிறது. திரையில் தாளக்கோடு ஓரிடத்தில் இருக்கிறது, பதிவான டிக் அதற்குக் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. ஒன்றல்ல, எல்லா டிக்கும்.

நான்தான் அறையிலேயே இல்லையே, அப்புறம் யார் லேட்டாக வந்தது?

உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சொறிந்துவிட்டு, "பட்டனை அமுக்கினதும் லிஃப்ட் வந்து நிக்குமா? வர்றதுக்கு நேரம் ஆகும்ல" என்றார். முதல் தடவையாக அவர் லிஃப்ட் எனக்கு உதவியது. சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்து மைக் வழியாகத் திரும்ப உள்ளே போவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. மற்ற இருவரிடமும் ஹெட்ஃபோனை அதே மாதிரி மைக்கில் மாட்டிப் பார்த்தேன். வாடகைக்காரனிடம் டிக் துளி பின்னால், கறுப்புத்திரைக்காரனிடம் முன்னால். அந்தத் தாமதத்தைக் கணக்கிலிருந்து கழிக்கிறேன் என்று ஒருவன் குறைத்துக் கழிக்கிறான், ஒருவன் கூடுதலாகக் கழிக்கிறான். கீபோர்டு தம்பிக்குப் போன் போட்டால், "ஆமாக்கா, அதை ஆரம்பத்துலயே சரி பண்ணி வச்சுக்கணும். வாலு பண்ணலையா?" என்றான். நான் உன்னை விட்டுக்கொடுப்பேனா? அவள் பண்ணியிருப்பாள், எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உன் குரல் மட்டும் ஏன் லேட்டாகத் தெரியவில்லை என்று ரொம்ப நேரம் மண்டை காய்ந்தது. நீதானே முதலில் பாடினாய். முதலில் பாடினவளை வைத்துத்தான் அடுத்தவளை அளக்கிறோம். அதைக் கேட்டுப் பின்னால் வாசித்துச் சேர்ந்தவள் நான். உங்கள் வீட்டுக்கும் அப்படிப் பின்னால் வந்தவள்தான், அதற்காக நீ என்னை ஒருநாளும் அளந்ததில்லை. அதனால்தான் அன்று நீ சொன்னது அவ்வளவு சுருக்கென்றது.

பிறகு நம் பாட்டைத் திறந்து, வயலினை மட்டும் பிடித்துக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். ஒரே ஒரு நகர்த்தல். முதல் வரியிலிருந்து உன் குரலோடு போய் ஒட்டிக்கொண்டது. மனுஷி பிந்தினால் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் கம்மி என்றுதானே இருக்கும்? இது எல்லா இடத்திலும் ஒரே அளவு. போர்வைக்குள் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன்.

முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்குச் சாதகமாக நானே கதை கட்டிக்கொள்கிறேனோ என்றும் இருக்கிறது. அதனால் பென்டிரைவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எதையும் நான் நகர்த்தி வைக்கவில்லை. என் வயலினை அழிப்பதற்கு முன்னால், வேறு யாரையும் வாசிக்கச் சொல்வதற்கு முன்னால், நீயே உன் கையால் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கேள். நீ கேட்டுவிட்டு, இல்லை அண்ணி, இப்பவும் லேட்டுதான் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். மறுபடி வாசிக்க வருகிறேன் என்று குழுவுக்குச் சொல்லவும் உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அப்புறம், நீ அங்கே எந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கிறாய் என்று எழுது. அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கேயும் அவனையே போட்டுக்கொள்கிறேன். நீ அனுப்புவதை நான் திறக்கலாம், நான் அனுப்புவதை நீ திறக்கலாம். மைக்செட் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று எழுதினேனே, ஓர் இடம் தவிர. மூன்றாவது சரணத்தில் மூச்சு தீர்ந்த பிறகும் விடாமல் ஒரு வரியை இழுத்துப் பாடுவாயே, எவ்வளவு நகர்த்தினாலும் அந்த இடத்தில் மட்டும் வயலின் ஒட்டாது. அங்கே லேட்டு நான்தான். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே கேட்டபடி உட்கார்ந்துவிட்டேன். அதை மட்டும் சரி பண்ணாமல் விட்டுவிடு, கண்ணு.

உன் தொண்டையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைத் திட்டுவதற்கு ஆளில்லாமல் தவிக்கும்,
உன் அண்ணி