மேனகா கேட்ட ஜெபக்குறிப்பு

பெங்களூர்
வியாழன் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குழந்தை கெசியா சளி இல்லாமல் தூங்குகிறாளா?

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

நேற்றுக் கட்டிட வேலை செய்யும் பெண்களின் தகர ஷெட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினேன். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஜெபக்குறிப்பாக நோட்டில் எழுதினேன். சித்தேரியிலிருந்து வந்திருக்கும் மேனகா, "எல்லாரையும் கேக்கறீங்க பாஸ்டரம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலீங்களே?" என்றாள்.

"அவங்களுக்கு என்னடி கொறை, நேரா சாமிகிட்டயே பேசறாங்க" என்று பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால், "என் பொண்ணு என்னை மறந்துடக் கூடாது" என்று வாயில் வந்துவிட்டது.

மேனகாவுக்கு ஜெபிக்கத் தெரியாது. சிமெண்ட் ஒட்டிய கையை என் தலையில் வைத்து, "சாமி, இந்தக்கா புள்ளைய இந்தக்காகிட்டயே சேத்துடு" என்றாள்.

வீடு வீடாகப் போகிற ஊழியத்துக்குக் கைக்குழந்தை இடைஞ்சல் என்று நானேதான் கெசியாவை உங்களிடம் விட்டேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி இடுப்பில் வைத்துக்கொண்டே போகிறேன். இவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவளை அழைத்துப்போக அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பொம்மிடி ஸ்டேஷனுக்கு அவளைத் தூக்கி வாருங்கள். மஞ்சள் ஸ்வெட்டரையும் எடுத்து வையுங்கள், இங்கே குளிர். என்னைப் பார்த்ததும் அவள் உங்கள் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டால், "அம்மா பாரு" என்று சொல்லித்தர வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் எதிரில் நிற்கிறேன், அவளாக வரட்டும்.

இவர் விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

உங்கள் மகள்,
பெர்சி