நாற்பது வீட்டுத் துவரை

இடைசெவல்
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு இருந்தால் போதும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதி, பக்கத்து வீட்டு விஜியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ செய்து கொடுத்தனுப்பிய கருவி நன்றாகத்தான் இருக்கிறது. தீப்பெட்டியில் பாதி இருந்துகொண்டு, வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை நகத்தளவு சிப்புக்குள்ளேயே பிரித்துப் பார்த்து, துவரையில் எவ்வளவு புரதம் என்று போனில் காட்டிவிடுகிறது. நாற்பது வீட்டுத் துவரையை அளந்து அனுப்பச் சொன்னாய், அலைந்தேன். நீ கேட்டாய் என்றதும் எல்லாரும் விதைக்கு வைத்திருந்த நயம் துவரையில்தான் அள்ளித் தந்தார்கள். கீழத்தெரு பேபி, நம்ம புள்ளைக்குச் சொத்தையவா குடுப்பேன் அண்ணாச்சி என்றாள். நாற்பதும் ஏறக்குறைய ஒரே அளவு வந்திருக்கிறது, கருவி தடுமாறவே இல்லை என்று போனில் சிரித்தாய். நீ சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, அம்மா குழம்புக்கு வைத்திருந்த துவரையைச் சும்மா அளந்து பார்த்தேன், எண் எங்கேயோ போயிற்று. பிறகுதான் உறைத்தது. வண்டு விழாமல் இருக்க விதைத் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கிறோமே, நாற்பதிலும் அந்த மண் அப்பியிருந்தது. நம் விதையில் ஒரு கை கழுவிக் காயவைத்து அளந்தேன், வேறு எண். உன் கருவி நாற்பது தடவையும் மண்ணைத்தான் அளந்திருக்கிறது தாயி. விதைத் துவரையைச் சிவப்பாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மண் என்றே தோன்றவில்லை. படிச்ச புள்ளைக்கு இவிய செஞ்ச உதவியப் பாரு என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு அம்மா அழுதாள்.

வியாழக்கிழமை இந்த எண்களை உங்கள் ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் வைக்கப் போவதாகவும், அதைப் பார்த்துத்தான் உன் வேலையை நீட்டுவார்கள் என்றும் சொன்னாய். வைக்காதே. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் வைக்காதே. கேட்டால், தப்பு கருவி மேல் இல்லை, எங்க அப்பா மேல் என்று சொல். இன்று மண் கட்டாத துவரையாகக் கேட்டு வாங்கிப் பதினொரு வீடு முடித்துவிட்டேன். கால் கடுக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நாளைக்குள் மிச்சத்தையும் முடிக்கப் பார்க்கிறேன். பதினொன்றும் பதினொரு விதமாக இருக்கிறது, எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்புகிறேன்.

குலசாமி உன் பக்கம் நிற்கட்டும், நீ நன்றாக இருப்பாய். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. இதைப் படித்ததும் ஒரு வார்த்தை பேசு. திட்டுவதாக இருந்தாலும் பேசு.

இப்படிக்கு
உன் அப்பா
அய்யாத்துரை