கப்பலைக் காக்க வைத்தவளுக்கு

பக்கத்து வீட்டில் தேயிலைக் கொழுந்து வறுக்கிறார்கள். சூடேறிய சட்டியின் பச்சை வாசனை சன்னல் வழியே வந்ததும், நீ இல்லாத இந்த வீட்டில் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. திருகோணமலைக்கு அந்தப் பெரிய உல்லாசக் கப்பல் மறுபடியும் வருகிறதாம். நம் டிக்கோயாத் தோட்டத்துப் பெண்கள் கையால் உருட்டிய தேயிலையோடு போகப் போகிறார்கள். போன தடவை போனது நீ.

அப்போது துறைமுக வாசலில் உங்கள் பெண்கள் சங்கத்துக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க ஒருநாள் மேசை கிடைத்தது. நன்றாகப் போனால், வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த இடம் உங்களுக்கே என்று ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். அத்தனை வருஷம் கொழுந்து பறித்தும், அதைக் குடிக்கிற முகத்தை நீ பார்த்ததே இல்லை. நான்தான் போவேன் என்று நின்றாய். துணைக்கு உன் புருஷன் நான்.

தேயிலை ஒரு பைதான். நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, மலையிலிருந்து வடியும் பீலியில் பிடித்த ஊற்றுத் தண்ணீரோ இரண்டு கேன். கடலுக்கே தண்ணீர் கொண்டுபோகிற ஆள் நீதான் என்று கிண்டல் செய்தேன். கண்டியில் பஸ் மாறும்போது கண்டக்டர் முணுமுணுத்தார். நீ முன்னால் ஏறிய நேரம் பார்த்து ஒரு கேனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தானே என்று நினைப்பு. ஒரே விதையை இரண்டு மண்ணில் போட்டுப் பாருங்கள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான்!

இறங்கும்போதுதான் கவனித்தாய். இருந்த ஒரு கேனை நீயே தூக்கிக்கொண்டாய்.

லயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்தது போல் நின்றது கப்பல். பயணிகள் இறங்கி வரிசை கட்டினார்கள். இருந்த கேனை மிச்சம் பிடிக்க, முதல் பானைத் தேநீரைத் துறைமுகக் குழாய்த் தண்ணீரில் போட்டோம். சாயம் கறுத்து, மேலே ஆடை மாதிரி படிந்தது. நீ ஒரு வாய் குடித்துப் பார்த்தாய். முழுப் பானையையும் தரையில் ஊற்றினாய்.

ஏற்பாட்டாளர் ஓடிவந்தார். கூட்டம் கலைந்துவிடும், வெள்ளைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், செத்த நேரம் நிக்கச் சொல்லி இங்கிலீசுல சொல்லுங்க" என்றாய். கல்யாணமாகி அன்றைக்குத்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, என்னைச் சேர் என்று கூப்பிட்டாய். அதில் இருந்த சூடு பானையில்கூட இல்லை.

கூசிக்கொண்டே சொன்னேன். நின்றார்கள். நீ ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து மறுபடி போட்டாய். ஒரு வயதான அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்து, கப்பைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கேன் காலியானதும், வரிசையில் ஆள் இருக்கும்போதே மேசையைத் துடைத்துவிட்டாய். இடம் பக்கத்துக் குளிர்பானக்காரருக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "எடம் போனா போவுதுங்க. கேன விட்டுட்டு வந்தத மட்டும் மறக்க மாட்டேன்" என்றாய். சொல்லிவிட்டு என் தோளிலேயே தூங்கிப்போனாய்.

இன்று காலை அந்தப் பெண்கள் மேசைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். எழுதினேன். சுமாராகத்தான் வந்தது, படிக்கிறவர்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை. பஸ் வந்துடும் சேர், இது போதும் என்று ஒருத்தி கை நீட்டினாள்.

தாளைக் கிழித்துப் போட்டு, புதுத் தாள் எடுத்தேன். "அடுத்த பஸ்ல போகலாம், செத்த இரும்மா" என்றேன்.

எனக்குக் கூச்சமாகவே இல்லை. அவர்களும் இருந்தார்கள்.