வெள்ளைக்காரப் பிள்ளை

12.3.1979, திங்கள்
இன்றைக்கும் வீரன் நாக்கில் வசம்பு தேய்த்தேன். நாலு வயசு முடியப் போகிறது, "அம்மா" என்று ஒரு சொல் வரவில்லை. எதிர்வீட்டு ராஜம்மாள் அவன் தலையைத் தடவி, "செம்பட்ட முடி, வெள்ளத் தோலு, வெள்ளக்காரன் கணக்கா இருக்கான். குடுத்து வெச்சவ லீலா நீ" என்கிறாள். கலரை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது? தினம் முட்டை, பால், பருப்புக் கடையல் என்று கொடுக்கிறேன். மூளைக்கு நல்லதாம்.

20.3.1979
பால் இன்னொரு டம்ளர் கூட்டினேன். துப்பினான். மூக்கைப் பிடித்து ஊற்றினேன்.

4.4.1979
வேலூர் ஆஸ்பத்திரி. மூத்திரத்தில் ஏதோ மருந்து விட்டார்கள், பச்சையாக மாறியது. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற ஒரு சத்தை இவன் உடம்பு பக்குவப்படுத்துவதில்லையாம். அது ரத்தத்தில் தேங்கி மூளைக்குப் போய், அங்கே ஊற வேண்டிய ரசாயனத்தை ஊறவிடாமல் செய்கிறதாம். முடி கறுக்காததும் அதனால்தான். அந்தக் கலரே வியாதி!

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் தாய்மாமன்தாங்க."

ரெண்டு பேரிடமிருந்தும் வந்ததாம். பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இப்படி வரலாமாம். மாமா தலை நிமிரவில்லை. "பொறந்த உடனே தெரிஞ்சிருந்தா..." என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

5.4.1979
நானே ஊட்டிகினு இருந்தேனே. அய்யோ, மூக்கப் புடிச்சி ஊத்துனேனே!

9.6.1979
ஜவ்வரிசிக் கஞ்சி, மரவள்ளி, பூசணி. அந்தச் சத்து நீக்கிய பால்மாவு சீமையிலிருந்து வரணுமாம், யார் வரவழைப்பது? தலையைச் சுவரில் முட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது. பேச்சு இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாமா தறியை நிறுத்திவிட்டு, "நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாங்க? அந்த ஒண்ணுதான் வந்துடிச்சே" என்றார். என்ன கணக்கு இது? ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒண்ணு, மாமா. எனக்குக் கத்தணும்போல இருந்தது.

2.3.1980
பெண் பிறந்து இருபது நாள் ஆகிறது. அபிதகுசாம்பாள். நல்ல கறுப்பு. "அண்ணன் கலரு வர்லியே" என்று ராஜம்மாள் உச்சுக்கொட்டினாள். போடி இவளே! வேலூரில் ரத்தம் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது.

11.12.1980
அடுப்பங்கரையில் இருந்தேன். "அம்மா" என்று கேட்டது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வீரன் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்து, "இன்னொரு தரம் சொல்லுடா, என் சாமி, சொல்லுடா" என்று கெஞ்சினேன்.

பாப்பா பின்னால் தவழ்ந்து வந்து, என் புடவையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.