இருபது வளைவும் ஏறி வேர்க்காத வண்டி

இன்று காலை காய்கறி வாங்க ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஆவி பறந்தது. என் காரை ஓரம் கட்டி இறங்கியதுமே அந்த மணம் மூக்கில் ஏறியது. கொதித்த கூலண்ட்டின் தித்திப்பான மணம், அடிப்பிடித்த வெல்லப்பாகு போல. வெளியூர்க்காரர் ஒருவர் கைக்குட்டையை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். "அரை மணி நேரம் போகட்டுங்க, இப்பத் தொறந்தீங்கன்னா மூஞ்சி வெந்து போயிரும்" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் உறைத்தது, அது என் வேனை ஓட்டும்போது நீங்கள் சொல்கிற வார்த்தை. நீங்கள் சத்தம் போடாமல் சொல்வீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அரை மணி நேரமும் அவரோடு அங்கேயே நின்றேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்ல முடியாமல் போனது ஒன்று இருக்கிறது. வீடு திரும்பியதும் காய்கறிப் பையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறவளுக்குக் கேரவன் எதற்கு என்று ஏற்காட்டில் கேட்காதவர்கள் இல்லை. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, குளிர்சாதனம் எல்லாம் வைத்துக் கட்டின பழைய டீசல் வேன். யானையை வாங்கிக் கட்டியிருக்கிறாய், தீனி போட முடியாது என்றார்கள். அதை ஓட்டத்தான் நீங்கள் மலைக் கிராமமான வாழவந்தியிலிருந்து வந்தீர்கள். அதற்கு முன் எஸ்டேட் லாரி ஓட்டியவர். முதல் நாள் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சியாட்டம் இருக்குதுங்க மேடம். மெதுவாத்தான் ஏறும், அவசரப்படுத்தக் கூடாது" என்றீர்கள். காசு போட்டு வாங்கியவளிடம் சொல்கிற பேச்சா இது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீங்கள் அதை அப்படித்தான் ஓட்டினீர்கள். பின்னால் படுத்திருக்கிற குழந்தை வளைவில் புரண்டு விழாது. ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வண்டியும் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தது.

முதல் வருட மே மாதத்தில்தான் அது கொதித்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி மலையில் புகை கட்டிவிட்டது. நீங்கள் நிறுத்தி, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அவர்கள் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். ஊருக்குப் போனதும் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியும் வைத்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று தோன்றியது.

அடுத்த வாரம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நீங்கள் மூன்று நாள் லீவு எடுத்துப் போனீர்கள். நீங்கள் இல்லாத அந்த நாட்களில் வேறு ஓர் ஆளை வைத்து வண்டியைச் சேலத்தில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். அந்த மெக்கானிக் போனில் எனக்கு வழி சொன்னார். இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடலாம். சூடானால் மட்டும் வேகம் பிடித்துச் சுற்றுகிற ஃபேனை நாலு போல்ட் போட்டு முடுக்கி 'டைரக்ட்' பண்ணிவிட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் அது சுற்றும், ஆயுசுக்கும் கொதிக்காது. பண்ணுங்க என்றேன். பெரிய காரியம் சாதித்ததாக அன்றைக்கு இன்னொரு காபி போட்டுக் குடித்தேன்.

நீங்கள் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினதும் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். இரைச்சல் லாரி மாதிரி இருக்கிறதே, பானட்டைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்றீர்கள். வேண்டாம், பட்டறைக்காரர் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றிருக்கிறார், கொதிக்காமல் இருக்கிறதல்லவா, அது போதும் என்றேன். என்ன செய்தோம் என்று மட்டும் சொல்லவில்லை. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் டீசல் பில்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது கொடுத்த வண்டி ஏழுதான் கொடுத்திருந்தது. தெரிந்த லாட்ஜ்காரர் ஒருவரிடம் கேட்டேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, டேங்க் சாவி யாரிடம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். எனக்கு எப்போதும் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் பஸ் பிடித்து வரும். மறுநாள் காலை சமையலறையில் நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சமையல்கார அம்மாவும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இனிமே டீசல் போடறப்ப நானும் வரேன். டேங்க் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

நீங்கள் டம்ளரைப் பாதியில் கீழே வைத்தீர்கள். சாவிக் கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் நகத்தால் பிரித்துக் கழற்றி மேஜைமேல் வைத்தீர்கள். "சரிங்க மேடம்" என்றீர்கள்.

சமையல்கார அம்மாவுக்கும் வாழவந்திதான். சாயங்கால பஸ்ஸிலேயே அந்தப் பேச்சு உங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மலையில் டீசலில் கை வைத்தவன் என்று ஒரு டிரைவருக்குப் பெயர் வந்தால், பிறகு அவனுக்கு ஸ்டியரிங் கொடுக்க ஒரு எஸ்டேட்டும் கிடையாது. உங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தேதான் சொன்னேன் என்பதை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

மறுநாள் காலை வந்தீர்கள். உள்ளே வரவில்லை, வாசற்படிக்குக் கீழேயே நின்றீர்கள்.

"நான் வேலைய உட்டு நின்னுக்கறேனுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் எங்கூட வண்டில வாங்க. எனக்கு அது போதுமுங்க."

வந்தேன். உங்கள்மேல் நம்பிக்கை வைத்து வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் வந்தேன். அடிவாரத்துக்கு முன்னால் இருக்கிற பங்க்கில் கழுத்து வரைக்கும் டீசல் நிரப்பி, நானே பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த வண்டியில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தீர்கள். ஹீட் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

வளைவு வளைவாக ஏறினோம். ஃபேன் போட்ட இரைச்சலில் பேசவே முடியவில்லை. முள் அடியில் படுத்தது படுத்தபடி கிடந்தது. எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, கொதிக்கவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது. இருபதாவது வளைவு தாண்டியதும் பனிமூட்டத்துக்குள் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தீர்கள்.

"மேடம், இருபது வளைவும் நீங்க நடந்து ஏறுனா வேர்க்குமுங்களா?"

வேர்க்காமல் என்ன என்றேன்.

"இவளுக்கு வேர்க்கவே இல்லையே, பாத்தீங்களா? இப்பப் பானட்டத் தொறக்கட்டுங்களா?"

திறந்தீர்கள். ஃபேனின் நடுவில் நாலு போல்ட் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினீர்கள். என் கையைப் பிடிக்காமல், மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள் என்றீர்கள். மலை ஏறி வந்த இன்ஜினின் குழாய், பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீர்ச் சூட்டில் இருந்தது. உள்ளே தெர்மோஸ்டாட்டும் இருக்காது என்றீர்கள்.

"சளி புடிச்ச கொழந்தையக் காத்தாடிக்குக் கீழயே படுக்க வெச்சாப்பல பண்ணியிருக்காங்க. சூடாவறதுக்கே டீசலக் குடிச்சிருக்குது. அந்தக் காத்தாடியச் சுத்தறதுக்கு வேற தனியாக் குடிச்சிருக்குது. எந்தப் புண்ணியவான் பண்ணச் சொன்னான்னுதான் தெரியலீங்க."

பட்டறைக்காரர் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் சேலத்தில் இருந்தார், நாம் பனிக்குள் நின்றுகொண்டிருந்தோம். "நாந்தான் பண்ணச் சொன்னேன். நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப" என்றேன்.

நீங்கள் பானட்டை மெதுவாக இறக்கி மூடினீர்கள்.

"அப்ப எம்மேல ஒண்ணும் இல்லீங்களே" என்றீர்கள்.

இத்தனை வருடத்தில் நான் வாங்கின ஏச்சு எதுவும் இந்த அளவு சுட்டதில்லை. திரும்பிவிடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பாதியில் விட்டால் என் மனதிலும் பாதி சந்தேகம் நிற்கும் என்று சொல்லி, மாரமங்கலம் வரைக்கும் ஓட்டிக் காட்டி, மறுபடி கீழே இறங்கி, அதே பங்க்கில் என் கையாலேயே பூட்டைத் திறக்க வைத்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டீர்கள். ஏழுதான் கொடுத்திருந்தது. சாவி முழு நாளும் என் கைப்பையில்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி வாழவந்திக்கு வந்தேன். உங்கள் வாசலில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் மனைவி என்னைப் பார்த்ததும் 'வாங்க' என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். டீசல் குறைந்தது வண்டிக் கோளாறால்தான், வண்டியை அப்படிக் கெடுக்கச் சொன்னது நான்தான், இவர்மேல் ஒரு சொட்டும் தப்பு இல்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அப்போது நீங்கள் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"அம்மிணிக்குச் சக்கரை கம்மியாப் போட்டுக் காப்பி கொண்டாந்து குடு."

அதுவரை நான் மேடம். அன்றிலிருந்து கடைசி வரைக்கும், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, அம்மிணி. அதற்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

போல்ட்டை எடுத்துவிட்டுப் புது ஃபேன் கிளட்ச்சும் தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகு, முதலில் ஏன் கொதித்தது என்று நீங்களே தேடிப் பிடித்தீர்கள். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கிற குளிர்சாதன வலைக்கும் நடுவில் காய்ந்த சில்வர் ஓக் இலை, தலையணைக்கு அடைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. நிழல் என்று அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னதும் நான்தான். வேனைக் கொல்ல இவ்வளவு வழி எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுச் சிரித்தீர்கள். வாளித் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும் வைத்துக் கழுவி முடித்ததும் முள் பாதிக்கு வந்து நின்றது. ஏற்றத்தில் ஃபேன் ஒரு மூச்சு இரைந்துவிட்டு அடங்கியது. ஒன்பதும் திரும்ப வந்தது. அதற்கப்புறம் ஆறு வருடம் ஓட்டினீர்கள். நான் வாயைத் திறந்தபோதெல்லாம், "முள்ளப் பாத்தீங்களா அம்மிணி?" என்று கேட்டு அடக்கினீர்கள்.

சொல்ல முடியாமல் போனது என்று மேலே எழுதினேனே, அது உங்கள் சாவு வீட்டில்தான் எனக்கே கிடைத்தது. மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். தலைச்சோலையிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் கிட்டே வந்தார். முன்னே பின்னே பார்த்ததில்லை.

"தப்பு என்னுதுன்னு பஸ் ஏறி ஊடு தேடி வந்து சொன்ன முதலாளியம்மா நீங்கதானுங்களா? எங்க டிரைவருங்க நாலு பேரு கூடுனா அவரு இதத்தானுங்க சொல்லுவாரு. நொம்பப் பெருமையாச் சொல்லுவாரு."

என்ன தப்பு என்று சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வண்டில ஏதோ போல்ட்டு முடுக்குன தப்புன்னாருங்க."

ஆறு வருடமாக இந்தக் கதையை மலை முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். டேங்க் சாவியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சமையலறையில் போட்டு உடைக்கப் பார்த்தவளுக்கு, நீங்கள் ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த டிரைவரிடம் முழுக் கதையையும் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. நன்றி என்று சொல்ல நீங்களும் இல்லை.

அந்தப் பெயரைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. வேலைக்காரர் யாரையாவது ஒரு வார்த்தை சொல்ல வாய் எழும்போது அது நினைவுக்கு வந்துவிடுகிறது. பாதி நாள் வாயை மூடிக்கொள்கிறேன். மீதி நாள் வழக்கம் போல முந்திரிக்கொட்டைத்தனமாகப் பேசிவிட்டு, தப்பு என்னுடையதென்று தெரிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.