பில்ட் முடிந்துவிட்டது

கோபக்காரிக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். விஷயம் நம் சண்டை இல்லை, புதுக் கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் பழைய சிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே செய்த சிப்பை வைத்திருக்கிறான். நம் ப்ரோகிராம் எல்லாம் படுத்துவிடும் என்று ஆபீஸே புலம்பியது. நானும்தான். இன்று பெட்டியைப் பிரித்து, பழைய ப்ரோகிராமை அப்படியே போட்டேன். முனகாமல் ஓடியது! ஃபேன் சத்தமே இல்லை. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது.

அடுத்து பில்ட். எழுதிய ப்ரோகிராம் முழுவதையும் மெஷின் கோத்து முடிப்பதற்குள் நான் டீ குடித்து, ஊர்க்கதை பேசித் திரும்பிவிடுவேன், உனக்குத் தெரியுமே. இன்றும் தட்டிவிட்டு எழுந்தேன். பக்கத்து சீட் டெஸ்டர் சிரித்தாள்.

"எங்க கிளம்பிட்ட? அதான் முடிஞ்சிருச்சே, உக்காரு!"

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். அதே வேகம். குதிக்காத குறைதான்!

அப்புறம் உட்கார முடியவில்லை. "பில்ட் முடியட்டும், இதோ வரேன்" என்று இனி யாரிடம் சொல்வது? பாப்பா ஷூ மாட்டிக்கொண்டு வாசலிலேயே தூங்கிப்போன அன்றும் அதைத்தானே சொன்னேன்.

அந்த ஷூவில் ஒன்றை நம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எடுத்து வந்திருக்கிறேன். மெஷின் ஆபீஸிலேயே இருக்கிறது.

இதை உன் அம்மா வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். எனக்குக் காத்திருக்க வராது, உனக்கே தெரியும். இருந்தாலும் நிற்கிறேன். நீ மெதுவாகவே திற.

உன்,
'இதோ வரேன்'